திபெத்திய மேடை நகைச்சுவையும் கிருஷ்ணகிரிக் கூத்தின் கட்டியக்காரனும்

திபெத்தியரின் மரபு நாடகம் லாமோ எனப்படும். முழுப்பெயர் அச்சே லாமோ. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி விடிய விடிய நடப்பது தெருக்கூத்து. இரண்டும் பாட்டு, ஆட்டம், வசனம், ஒப்பனை, வழிபாடு ஆகியவை கலந்த கலைகள். இரண்டும் பழைய சமயக் கதைகளை எடுத்து நடிப்பவை. இரண்டிலும் கதையின் நடுவே புகுந்து, கதையை நிறுத்தி, பார்ப்பவரைச் சிரிக்க வைக்கும் பகுதி உண்டு. அந்தச் சிரிப்புப் பகுதியைச் சில்லறை விஷயமாக நினைப்பது ஆய்வாளரிடமும் கலை ஆர்வலரிடமும் காணப்படும் வழக்கம். கதை, பாட்டு, ஒப்பனை ஆகியவையே மரபு என்றும், நகைச்சுவை இடைவேளை நிரப்புவது மட்டுமே என்றும் கருதப்படுகிறது.

இந்தக் கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. கதை பலருக்கும் பொதுவானது. சிரிப்புதான் ஊருக்கு உரியது. ஒரு சமூகத்தின் அடையாளம் மேடையில் எங்கே குடியிருக்கிறது என்று தேடினால், அது அரசனின் கிரீடத்தைவிடக் கோமாளியின் பேச்சில் அதிகமாகக் காணப்படும். ஓசூர், கிருஷ்ணகிரி ஆகிய எல்லைப்புறப் பகுதிகளின் கூத்தையும் திபெத்திய மேடையையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இது தெளிவாகும்.

எல்லையும் அயலாரும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. தெலுங்கும் கன்னடமும் பெருமளவில் பேசப்பட்ட ஓசூர்ப் பகுதி சென்னை மாநிலத்திலேயே தொடர்ந்தது. அப்போது அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தர்மபுரி மாவட்டமும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. கோடு பலமுறை மாறியது. மக்களின் பேச்சு மாறவில்லை. இன்றும் ஓசூர்ச் சந்தையில் ஒரே வியாபாரி மூன்று மொழிகளில் விலை சொல்வதைக் கேட்கலாம். உருதுவையும் சேர்த்தால் நான்கு.

இதே காலத்தில்தான் திபெத்தியர் கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தனர். 1959 மார்ச்சில் 14ஆம் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபின், அவரைத் தொடர்ந்து வந்த அகதிகளுக்கு அன்றைய மைசூர் மாநிலம் நிலம் கொடுத்தது. 1960களின் தொடக்கத்தில் பைலகுப்பேயிலும், பின்னர் முண்ட்கோடு, ஹுன்சூர் ஆகிய இடங்களிலும் குடியிருப்புகள் எழுந்தன. 1970களில் கொள்ளேகால் அருகே மலைப்பாங்கான பகுதியில் தோண்டென்லிங் என்ற குடியிருப்பு உருவானது. ஒருகாலத்தில் தமிழ்நாட்டுடன் சேர்ந்திருந்த மண்ணில் இன்று திபெத்திய மொழி பேசப்படுகிறது. தமிழர் பலருக்குத் திபெத்தியர் என்றாலே மார்கழிக் குளிரில் நகரத்து நடைபாதையில் கம்பளிச் சட்டை விற்பவர் நினைவுதான் வரும். அவர்களுக்கும் கூத்து உண்டு என்பதும், அதில் நம் கட்டியக்காரனை ஒத்த சிரிப்பு உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

லாமோ: அமைப்பும் சிரிப்பும்

லாமோ கலையின் முன்னோடியாகத் தாங்தோங் கியால்போ என்ற துறவியைத் திபெத்தியர் போற்றுகின்றனர். இவர் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்; ஆறுகளின் குறுக்கே இரும்புச் சங்கிலிப் பாலங்கள் கட்டியவர். பாலப் பணிக்குப் பொருள் திரட்ட ஏழு சகோதரிகளை ஆடிப் பாட வைத்தார் என்றும், அதிலிருந்து இந்தக் கலை பிறந்தது என்றும் மரபுக் கதை கூறுகிறது. அச்சே லாமோ என்பதற்கு 'அக்கா தேவதை' என்று பொருள் கொள்ளலாம். ஒரு பாலத்துக்காக ஊர் ஊராக ஆடியவர்கள் என்ற இந்தத் தொடக்கக் கதையே, கலை அரண்மனையில் அன்றி வெட்டவெளியில் பிறந்ததைச் சொல்கிறது.

தெருக்கூத்து இரவில் நடப்பது. லாமோ பகலில் நடப்பது. கூடாரத்துணியின் நிழலில், சுற்றிலும் மக்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஆடுவார்கள். இசைக்கருவிகள் முரசும் கைத்தாளமும் மட்டுமே. தொடக்கத்தில் நீல முகமூடி அணிந்த வேடர்கள் வந்து ஆடுகளத்தைத் தூய்மைப்படுத்துவர். அவர்களோடு இளவரசர், தேவதையர் ஆகிய வேடங்களும் வரும். பிறகு கதை சொல்பவர் வேகமான நடையில் கதைப்போக்கை ஒப்பிப்பார். கதைமாந்தர் நீண்ட இழுவையுடன் தம் பாட்டைப் பாடுவர். முகமூடிகளுக்கும் பொருள் உண்டு. பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான முகமூடி இரட்டை நாக்குக்காரரைக் குறிக்கும்.

ஒப்பிப்பும் பாட்டும் பழைய மொழியில் அமைந்தவை. அவற்றை நடிகர் மாற்றுவதில்லை. இவற்றுக்கு இடையே வருகிறது நகைச்சுவை. அது பேச்சு மொழியில், அந்தந்த நேரத்தில் கட்டப்படுவது. குறி சொல்பவர், துறவியர், வைத்தியர், அதிகாரிகள் எனச் சமூகத்தில் மதிப்புப் பெற்ற எவரும் கேலிக்குத் தப்புவதில்லை. லாசாவில் தலாய் லாமாவின் கோடைக்கால அரண்மனையான நோர்புலிங்காவில் நடந்த தயிர்த் திருவிழாவாகிய ஷோதோனில், நாட்டின் உயர்ந்த துறவியரும் பிரபுக்களும் பார்த்திருக்கவே இத்தகைய கேலிகள் நடந்தன. தெய்வத்தின் பெயரால் ஆளும் நாட்டில், தெய்வத்தின் வாக்கைச் சொல்பவரையே மேடையில் நையாண்டி செய்யும் உரிமையை நாடகக்காரர் பெற்றிருந்தனர். அந்தக் கேலியால் நம்பிக்கை குலையவில்லை. நம்பிக்கை உறுதியாக இருந்ததால் கேலியை அது தாங்கிக்கொண்டது.

கதைகள் எங்கிருந்து வந்தன?

லாமோவில் நடிக்கப்படும் நாடகங்களில் டிரிமே குந்தன் ஒன்று. தன்னிடம் உள்ள அனைத்தையும், இறுதியில் மனைவி மக்களையும் தானமாகக் கொடுக்கும் இளவரசனின் கதை. இது புத்தரின் முற்பிறப்புக் கதையான வெசந்தர ஜாதகத்தின் திபெத்திய வடிவம். இதே கதை இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் போற்றப்படுகிறது. இளவரசன் நோர்சாங் கதையும் இந்திய பௌத்த இலக்கியத்தில் வேர் கொண்டது. ஆக, திபெத்திய நாடகத்தின் முக்கியக் கதைகள் சில திபெத்தில் பிறந்தவை அல்ல. அவற்றைத் திபெத்தியம் ஆக்கியவை பாடும் முறையும், ஆட்டமும், எல்லாவற்றுக்கும் மேலாக நடுவே வரும் உள்ளூர்ப் பேச்சும்தான்.

கிருஷ்ணகிரிக் கூத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை, போச்சம்பள்ளி வட்டாரங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறும். அர்ச்சுனன் தபசு, துகிலுரிதல், அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை தொடரும். கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின் முன் படுகளம் நடக்கும். தீமிதியோடு விழா நிறைவுறும். மகாபாரதம் நாடு முழுமைக்கும் உரியது. பெங்களூரில் தர்மராய சுவாமி கோயிலில் நடைபெறும் கரக விழாவும் திரௌபதியை முன்னிட்டதே. எல்லையின் இரு பக்கமும் ஒரே கதை. இது கிருஷ்ணகிரிக் கூத்து என்று அடையாளம் காட்டுவது கட்டியக்காரன் வாயைத் திறக்கும் நேரம்தான்.

கட்டியக்காரன் செய்யும் வேலை

கட்டியம் என்பது அரசன் வரும்போது அவன் பெயரையும் பட்டங்களையும் உரக்கச் சொல்லுதல். அதைச் செய்பவன் கட்டியக்காரன். சேலம், தர்மபுரிப் பக்கங்களில் கோமாளி என்றும் சொல்வர். கூத்தில் முதலில் வருபவன் இவன். கடவுள் வாழ்த்து முடிந்ததும் களத்துக்குள் வந்து, அன்றைய கதையைச் சொல்லி, ஊராரின் பெருமையைப் பேசி, திரைக்குப் பின்னால் நிற்கும் வேடத்தை அறிமுகம் செய்வான். அரசன் திரையை விலக்கி வெளிவந்தபின் அவனுக்குக் காவலாளாகவும், தூதனாகவும், சில சமயம் பணிப்பெண்ணாகவும் இவனே மாறுவான். அடுத்த வேடக்காரர் ஒப்பனை முடியாமல் தாமதித்தால் அந்த நேரத்தை ஓட்டுவதும் இவன் பொறுப்பு.

இவனுடைய முதன்மையான வேலை மொழிபெயர்ப்பு. அரசன் செந்தமிழ் விருத்தத்தில் தன் குலத்தையும் வீரத்தையும் பாடுவான். கட்டியக்காரன் அதைக் கேட்டுப் புரியாதவன்போல் நடிப்பான். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டு வேறு பொருள் கொள்வான். திரும்பத் திரும்பக் கேட்பான். அரசன் கோபித்துக்கொண்டு எளிய வசனத்தில் விளக்குவான். சிரித்துக்கொண்டே பாமர மக்கள் பாட்டின் பொருளைப் பிடித்துக்கொள்வர். பள்ளி ஆசிரியர் ஒருவர் கடினமான செய்யுளை நடத்தும்போது, வகுப்பில் துணிந்து சந்தேகம் கேட்கும் மாணவன் ஒருவனால் மற்ற அனைவரும் பயன் பெறுவர் அல்லவா? கட்டியக்காரன் அந்த மாணவன்.

கேரளத்தின் கூடியாட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே மற்றவர் வடமொழியிலும் பிராகிருதத்திலும் பேச, விதூடகன் மட்டும் மலையாளத்தில் விரித்துப் பேசுவான். பழைய மொழியில் நடக்கும் நாடகத்தில் வாழும் மொழி நுழையும் வாசல் கோமாளியே என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் பல மேடைகளுக்கும் இமயத்துக்கு அப்பாலுள்ள மேடைக்கும் பொதுவான உண்மை. வாழும் மொழி நுழையும் இடத்தில்தான் வாழும் மக்களின் அடையாளமும் நுழைகிறது.

கட்டியக்காரனுக்கு வேறொரு வேலையும் உண்டு. அவன் துரியோதனனின் சபையில் சம்பளம் வாங்குபவன். ஆனால் துரியோதனனையே கேலி செய்பவன். ஆளும் இடத்துக்கு அருகில் நின்றுகொண்டே அதைச் சோதிப்பவன். லாமோ மேடையில் குறி சொல்பவரைக் கேலி செய்யும் நடிகரும் இதையே செய்கிறார். ஆனால் எல்லை தெரிந்த கேலி இது. துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் சேலையில் கைவைக்கும் கட்டத்தில் பல குழுக்கள் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி அம்மனை வேண்டிக்கொள்வது வழக்கம். அந்த நேரத்தில் கட்டியக்காரனின் வாய் அடங்கிவிடும். எங்கே சிரிக்க வேண்டும் என்பதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்த கலை அது.

மூன்று மொழிகளின் நடுவே ஒரு கோமாளி

தமிழில் கோணங்கி என்ற சொல் கோமாளியைக் குறிக்கும். தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் தெலுங்கில் நடக்கும் பாகவத மேளத்தில் முதலில் களத்துக்கு வருபவன் கோணங்கியே. தெலுங்கிலும் கோணங்கி என்றால் கோமாளி. கன்னடத்தில் யட்சகான மரபுகளில் இதற்கு ஒத்த ஒலியுடைய கோடங்கி என்ற கோமாளி வருகிறான். நாயகர்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் தனிக் காவியமும் தனிப் புலவரும் இருக்க, கோமாளியின் பெயர் மட்டும் ஏறக்குறைய ஒரே ஒலியில் மூன்று மொழிகளிலும் உலவுவது கவனிக்கத்தக்கது.

ஓசூர் போன்ற ஊரில் இதற்கு நடைமுறைப் பயன் உண்டு. களத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பவரில் வீட்டில் தெலுங்கு பேசுபவர் உண்டு, கன்னடம் பேசுபவர் உண்டு. தருமன் தமிழ் விருத்தத்தில் பாடுகிறான். அதன் நடுவே தெலுங்கில் ஒரு கேள்வி கேட்கும் உரிமை தருமனுக்கு இல்லை, அருச்சுனனுக்கும் இல்லை. கோமாளிக்கு மட்டும் உண்டு. அவன் ஒரே மூச்சில் மூன்று மொழிகளை மாற்றிப் பேசினால், களத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒருவர் "இது நம்ம ஊர்க் கூத்து" என்று நிமிர்ந்து உட்காருவார். மொழித் தூய்மையை வலியுறுத்துபவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் எல்லைப்புற மக்களின் அடையாளமே இந்தக் கலப்புதான். கலப்பை நீக்கிய கூத்து வேறு ஊருக்குப் பொருந்தலாம்; ஓசூருக்குப் பொருந்தாது.

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூரின் முகம் மாறியது. இரு சக்கர வண்டி, லாரி, கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் எழுந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. ஆலை மூன்று ஷிப்டில் ஓடும். கூத்து விடியும்வரை ஓடும். காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர் நள்ளிரவில் எழுந்துவிடுகிறார். மாற்றம் இதோடு நிற்கவில்லை. கூத்தின் விருத்தத்தில் ஆலைக்கு இடமில்லை. கோமாளியின் பேச்சில் உண்டு. துரியோதனன் தன் பதினோரு அக்குரோணிப் படையைப் பெருமையாகச் சொல்லும்போது, அத்தனை பேருக்கும் கான்டீன் உண்டா, ஓவர்டைம் உண்டா என்று ஒரு கட்டியக்காரன் கேட்டால், இரண்டாயிரம் ஆண்டுப் பழங்கதை அந்த நொடியில் ஒப்பந்தத் தொழிலாளியின் கதையாகிவிடும். இந்தக் கேள்வியை எந்த ஏட்டுப் பிரதியிலும் எழுதி வைக்க முடியாது. எழுதி வைத்தால் அடுத்த ஆண்டே அது பழசாகிவிடும்.

இன்னொரு திபெத்திய மேடை: அம்தோ உரையாடல்

லாமோவைத் தவிர, சீனாவின் ஆட்சிக்கு உட்பட்ட அம்தோ பகுதியில் வேறொரு மேடை நகைச்சுவை வளர்ந்தது. சீன மொழியில் இருவர் நின்று பேசும் சியாங்ஷெங் என்ற நகைச்சுவை உரையாடல் பெயர்பெற்றது. அதன் வடிவத்தை ஏற்று, 1980களில் திபெத்திய மொழியில் கஷாக் என்ற உரையாடல் நகைச்சுவை பரவியது. வானொலி, ஒலிநாடா ஆகியவற்றின் வழியே அது மேய்ச்சல் நிலங்களின் கூடாரங்கள்வரை சென்றது. மென்லா ஜாப் இத்துறையில் மிகவும் புகழ்பெற்றவர். 1990களில் அவர் படைத்த உரையாடல்களில் ஒரு கற்பனைக் கிராமம் மீண்டும் மீண்டும் வருகிறது. அதன் பெயரை 'கவனமான ஊர்' என்று தமிழில் சொல்லலாம். பெயருக்கு மாறாக அங்கே யாரும் கவனமாக இருப்பதில்லை. ஓர் உரையாடல் மேய்ச்சல் நிலத்துக்காக இரண்டு தரப்பினர் மோதிக்கொள்வதைப் பற்றியது. கேட்பவர் சிரிக்கிறார், சிரித்து முடித்தபின் தன் ஊரையே நினைத்துக்கொள்கிறார்.

அமெரிக்க ஆய்வாளர் திமத்தி தர்ஸ்டன் இந்த நகைச்சுவை பற்றி ஒரு நூல் எழுதியுள்ளார். அம்தோ திபெத்தியர் நையாண்டிக்கு வழங்கும் சொல்லின் நேர்ப்பொருள் 'ஓரத்தைத் தின்பது' என்பதாகும். நேராகக் கடிக்காமல் ஓரத்தில் கடிப்பது. தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு: சாடை பேசுதல். மருமகளைத் திட்ட வேண்டிய மாமியார் பூனையைத் திட்டுவது போன்றது. நேராகப் பேச முடியாத இடத்தில் சாடை பேசுவது இரு நாட்டாருக்கும் தெரிந்த கலைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வெளியிலிருந்து வந்த வடிவத்தை எடுத்துக்கொண்டதால் திபெத்திய அடையாளம் குறைந்துவிடவில்லை. வடிவம் சீனருடையது, பேச்சு, பழமொழி, கேலிக்கு இலக்கான குணங்கள் எல்லாம் அம்தோ மேய்ப்பருடையவை. அதிலும் கேலியின் இலக்கு பெரும்பாலும் திபெத்தியரே: வீண் சண்டைக்காரர், கல்வியை மதிக்காதவர், தாய்மொழியில் பிறமொழியைத் தேவையின்றிக் கலந்து பேசுபவர். தம்மையே கேலி செய்துகொள்வதன் மூலம் தம்மைத் திருத்திக் காத்துக்கொள்ள முயன்றனர்.

ஓசூரில் மொழிக்கலப்பே அடையாளம் என்றால், அம்தோவில் மொழிக்கலப்பு அடையாளத்துக்கு ஆபத்தாகக் காணப்படுகிறது. இது முரண்பாடு போலத் தோன்றும். ஓசூரில் கலக்கும் மூன்று மொழிகளும் தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தில் வாழ்பவை. அம்தோவில் ஒரு மொழி ஆட்சியின் மொழி. மற்றது அதன் நிழலில் ஒடுங்கும் மொழி. ஆகவே கோமாளி கலப்பை ஆதரிக்கிறானா எதிர்க்கிறானா என்பது விதியால் முடிவாவதில்லை. எது அழியும் நிலையில் இருக்கிறதோ அதன் பக்கம் அவன் நிற்கிறான்.

காப்பாற்றுதலும் கழித்தலும்

நாட்டை இழந்தவர் முதலில் காப்பாற்ற நினைத்தவற்றுள் நாடகமும் ஒன்று. 1959ஆம் ஆண்டிலேயே காலிம்போங்கில் திபெத்திய நிகழ்த்துகலைக் கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது தரம்சாலாவுக்கு மாறியது. அங்கே ஷோதோன் விழா தொடர்கிறது. தென்னிந்தியக் குடியிருப்புகளிலும் லாமோ குழுக்கள் உருவாயின. மறுபக்கம், சீன அரசு முன்மொழிந்ததன் பேரில் 2009இல் திபெத்திய நாடகம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஒரே கலைக்கு இரண்டு உரிமையாளர். இரு தரப்பும் ஒரே முகமூடியையும் ஒரே பாட்டையும் காட்ட முடியும். வேறுபாடு எங்கே தெரியும்? நடுவில் வரும் பேச்சில், யாரைக் கேலி செய்யலாம் என்ற உரிமையில் தெரியும்.

காப்பாற்றுவோர் அறியாமலே செய்யும் ஒரு தவறு உண்டு. நாள் முழுவதும் நடப்பதை இரண்டு மணி நேரமாகச் சுருக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுவது நகைச்சுவை. அயல்மொழிக்காரர் பார்க்கும் மேடையில் அது புரியாது. பாட்டும் ஆட்டமும் புரியாமலேயே அழகாக இருக்கும். தெருக்கூத்துக்கும் இதே கதிதான். அரசு விழாக்களில் கூத்துக்குப் பதினைந்து நிமிடம், அரை மணி நேரம் என்று ஒதுக்குவர். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்த வீரன் சுழன்று ஆடுவான், கைதட்டல் கிடைக்கும். கட்டியக்காரன் மூன்று வரி பேசி ஒதுங்குவான். படத்துக்கு ஏற்ற கூத்து அது. ஊருக்கு ஏற்ற கூத்து அன்று.

இதற்கு மாறான முயற்சிகளும் நடந்துள்ளன. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கலைஞரிடமிருந்து நவீன நாடகம் கற்க வேண்டியது உண்டு என்பதை நகரத்தார்க்கு உணர்த்தியது. 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் பெ. ராஜகோபால், ஹன்னே டி புரூயின் ஆகியோரின் முயற்சியால் உருவான கட்டைக்கூத்துச் சங்கம், கலைஞரைச் சங்கமாகத் திரட்டியதோடு சிறுவர் சிறுமியர்க்குக் குருகுலமும் நடத்தியது. முழு இரவுக் கூத்தை அதன் முழு அளவில் கற்பித்தது அதன் சிறப்பு. முழு இரவு இருந்தால்தான் கட்டியக்காரனுக்கு இடம் இருக்கும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

கட்டியக்காரனைப் போற்றும்போது அவன் குறைகளை மறைப்பது முறையன்று. கூத்து நகைச்சுவை மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் பல. இரட்டை அர்த்தப் பேச்சு, பெண்களைத் தாழ்த்தும் கேலி, தாழ்த்தப்பட்ட சமூகத்தாரின் பேச்சையும் தொழிலையும் நையாண்டி செய்தல், உடல் குறையைச் சிரிப்பாக்குதல், கதைக்குத் தொடர்பில்லாத திரைப்படப் பாட்டு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் உண்மை இருக்கிறது. பெண்வேடத்தை ஆணே ஏற்று நடித்த நீண்ட மரபில், பெண்ணைப் பற்றிய கேலிக்குப் பெண் மறுமொழி சொல்ல இடமே இல்லாமல் இருந்தது. குருகுலங்களில் பெண் பிள்ளைகள் கூத்துக் கற்றது இதனால்தான் முக்கியமான நிகழ்வு. களத்தில் பெண் நின்றால் கேலியின் திசை மாறியாக வேண்டும்.

ஓசூரில் இன்று இன்னொரு சோதனையும் உண்டு. பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கின்றனர். அவர்கள் பேசும் உடைந்த தமிழ் எளிதான சிரிப்புப் பொருள். அவர்களைக் கேலி செய்தால் கைதட்டல் உடனே கிடைக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு எதைக் காப்பாற்றுகிறது? மூன்று மொழிகளை ஒரு களத்தில் உட்கார வைத்த கோமாளி, நான்காவது மொழிக்காரனை வெளியே நிறுத்துவானானால், அவன் தன் தொழிலையே மறந்தவனாவான். வேற்றூரில் உடைந்த மொழி பேசிப் பிழைப்பது என்றால் என்ன என்பது, பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் எல்லைப்புறத்தாருக்கு நன்கு தெரியும். கம்பளி விற்கும் திபெத்தியருக்கும் தெரியும்.

ஆகவே மேடை நகைச்சுவையை மதிப்பிட ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது. சிரிப்பு மேல்நோக்கியோ தன்னை நோக்கியோ செல்கிறதா, அல்லது கீழ்நோக்கிச் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். துரியோதனனைக் கேலி செய்யும் கட்டியக்காரனும், குறி சொல்பவரைக் கேலி செய்யும் லாமோ நடிகரும் மேல்நோக்கிச் சிரிக்கின்றனர். தன் ஊரையே 'கவனமான ஊர்' என்று அழைக்கும் மென்லா ஜாப் தன்னை நோக்கிச் சிரிக்கிறார். இவ்விரண்டும் அடையாளத்தை வளர்ப்பவை. எளியவனை நோக்கிய சிரிப்பு, அடையாளம் என்ற பெயரில் அச்சத்தை மட்டுமே வளர்க்கும்.

மதிப்பீடு

திபெத்தியர் நிலத்தை இழந்து கலையைச் சுமந்து வந்தவர்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தார் நிலத்தில் இருந்துகொண்டே அந்த நிலம் ஆலையாகவும் மனைப்பிரிவாகவும் மாறுவதைப் பார்ப்பவர்கள். இருவரின் இழப்பும் ஒன்றல்ல. சமப்படுத்திப் பேசுவது பொருந்தாது. ஆனால் இருவர்க்கும் முன்னால் உள்ள கேள்வி ஒன்றுதான்: எதை மாறாமல் வைத்திருப்பது, எதை மாற விடுவது? லாமோவும் கூத்தும் இதற்கு ஏற்கெனவே விடை கண்டுவைத்துள்ளன. பாட்டு மாறாது, பேச்சு மாறும். நாயகன் நேற்றைய மொழியில் பாடுவான். கோமாளி இன்றைய மொழியில் கேட்பான். இரண்டும் ஒரே களத்தில் நடக்கும்வரை கலை உயிரோடு இருக்கும்.

கூத்தை ஆவணப்படுத்தும் மாணவர்கள் பாட்டையும் அடவையும் பதிவு செய்வதோடு, அன்றிரவு கட்டியக்காரன் என்ன பேசினான், எந்தச் சொல்லுக்கு எந்த மூலையில் சிரிப்பு எழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மகாபாரதத்தை நாளையும் படிக்கலாம். அந்தப் பேச்சு அந்த இரவோடு போய்விடும். கோயில் நிர்வாகிகளும் விழா நடத்துவோரும் நேரத்தைச் சுருக்க நேர்ந்தால், போர்க்களக் காட்சியில் ஒரு சுற்றைக் குறைத்தாவது கட்டியக்காரனின் நேரத்தைக் காக்கலாம். கலைஞர்கள் தம் பங்குக்கு, கைக்குக் கிடைத்த கேலியை எடுத்து வீசாமல், அது யார் மீது விழுகிறது என்று பார்க்க வேண்டும். கர்ணன் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் சாவான். அவன் சாவதற்கு முன் களத்திலிருந்தவர் எதற்குச் சிரித்தார்கள் என்பதை வைத்துத்தான் அது எந்த ஊர் என்று சொல்ல முடியும்.